நாலு குதிரை... ரெண்டு நாள்... நான்!

குதிரைக்கும் எனக்கும் உள்ள பந்தம் ரொம்பச் சின்னது. ஆறாவது படிக்கும்போது மெரினாவில் அப்பா என்னைக் குதிரை மேல் ஏற்றி உட்கார வைத்தார். குதிரை பத்தடி நடந்தது. பதினோராவது அடியில் நான் கீழே இறங்கிவிட்டேன். 'இறங்கினேன்' என்று நான் சொல்வேன். 'விழுந்தான்' என்று என் தங்கை சொல்வாள். அதோடு சரி.

அப்படிப்பட்டவன் இங்கிலாந்தில், குளோஸ்டர்ஷயர் பக்கம் ஒரு புல்வெளியில், காலை 5 மணிக்கு, வலது கையில் ஒரு குதிரை, இடது கையில் ஒரு குதிரையென்று பிடித்துக்கொண்டு நின்றேன் என்றால், அதற்குக் காரணம் என் நாக்கு. யார் எதைக் கேட்டாலும் முதலில் 'ஓ எஸ்' சொல்லிவிட்டு, அப்புறம்தான் என்ன கேட்டார்கள் என்று யோசிக்கும் ஜாதி நான்.

ஆபீஸ் வேலையாக ஒரு வருஷம் அங்கே அனுப்பியிருந்தார்கள். ஒரு கிராமத்து வீட்டில் மாடி ரூம். போன ஜூன் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்காரரின் மகள் கதவைத் தட்டினார். ''சனி, ஞாயிறு சும்மாதானே இருப்பீங்க? ஒரு கை கொடுக்க முடியுமா?''

சோபா நகர்த்தப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ''ஓ எஸ்!''

விஷயம் அப்புறம்தான் தெரிந்தது. அவர் குதிரைப் போட்டிக்காரர். வழக்கமாகக் கூட வரும் உதவிப் பெண்ணுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. மறுநாளும் அதற்கு மறுநாளும் போட்டி. குதிரைகள் நாலு. ஆட்கள் மொத்தம் மூன்று பேர்: அவர், 70 வயது அப்பா, அப்புறம்... அடியேன்.

அவர் பெயர் இங்கே வேண்டாம். எங்கள் கோயமுத்தூர்ப் பக்கம் பெண்களைப் பிரியமாக, மரியாதையாகக் கூப்பிடுவதுபோல மனசுக்குள் 'அம்மணி' என்று வைத்துக்கொண்டேன். அப்பா, பெரியவர். குதிரைகளுக்கு ஆளுக்கு ஒரு முழ நீளத்தில் பெயர் இருந்தது. வாயில் நுழையவில்லை. நிறத்தை வைத்து நானே பெயர் சூட்டிவிட்டேன். செவலை, கறுப்பன், மயிலை, அப்புறம் டிகிரி காப்பி நிறத்தில் பளபளவென்று ஒரு பெண் குதிரை. அது காப்பி.

அம்மணி ஆடும் ஆட்டத்துக்குப் பெயர் ஈவென்ட்டிங். ''நம்ம வீட்டிலேர்ந்து பாட்மின்டன் பக்கம்தான். உலகத்திலேயே பெரிய ஈவென்ட்டிங் போட்டி அங்கேதான் நடக்குது'' என்றார்.

''நானும் பாட்மின்டன் ஆடுவேன். சொந்த ராக்கெட் இருக்கு'' என்றேன்.

பெரியவர் சிரித்து முடிக்க ரெண்டு நிமிஷம் ஆயிற்று. அது ஓர் ஊர். அங்கே ஒரு பிரபுவின் மாளிகை. நாம் ஆபீஸ் கிளப்பில் தட்டுகிற இறகுப்பந்துக்கும் அந்த மாளிகையின் பெயர்தான். அதே மாளிகைத் தோட்டத்தில்தான் 1949 முதல் குதிரைப் போட்டி நடக்கிறது. ஆக, நான் சொன்னது முழுத் தப்பும் இல்லை!

*

ஈவென்ட்டிங் என்றால் என்ன? ஒரே குதிரை, ஒரே ஆள், மூன்று பரீட்சை.

முதலாவது, டிரஸ்ஸாஜ். ஒரு செவ்வகத் திடலில் நடை, துள்ளு நடை, ஓட்டம், வட்டம் என்று எழுதிவைத்த வரிசைப்படி குதிரை அடக்கமாக நடந்து காட்ட வேண்டும். திடலைச் சுற்றி எழுத்துப் பலகைகள். ஏ, பி, சி, டி என்று வரிசையாக இருக்கும் என்று பார்த்தால், ஏ, கே, ஈ, ஹெச், சி, எம், பி, எஃப் என்று இருக்கிறது. (எல்.கே.ஜி. குழந்தை எழுதினால் அடி விழும்.) வகுப்புக்கு ஒரு வரிசை. எல்லாம் மனப்பாடம்.

ரெண்டாவது, மைதானத்துக்குள் வண்ண வண்ணக் கம்புகளைத் தாண்டுவது. ஒரு கம்பு விழுந்தால் 4 அபராதம்.

மூன்றாவதுதான் அசல் ஆட்டம். கிராஸ் கன்ட்ரி. காடு, மேடு, பள்ளம், குளம் எல்லாவற்றையும் தாண்டி நாலுகால் பாய்ச்சல். தடைகள் கம்பு இல்லை, அசையாத மரக்கட்டைகள். ஒவ்வொன்றுக்கும் வலது பக்கம் சிவப்புக் கொடி, இடது பக்கம் வெள்ளைக் கொடி. நடுவில் புகுந்து தாண்ட வேண்டும். குதிரை ஒரு தடவை மறுத்தால் 20 அபராதம். ஆள் விழுந்தால் ஆட்டம் முடிந்தது. குறித்த நேரத்துக்கு மேல் ஒவ்வொரு விநாடிக்கும் 0.4.

கிரிக்கெட்டில் ரன் எடுக்க வேண்டும். இங்கே எடுக்கக் கூடாது. டிரஸ்ஸாஜில் 70 சதவீதம் வாங்கினால் 30 அபராதத்தோடு கணக்கு ஆரம்பிக்கும். அப்புறம் ஏறுமே தவிர இறங்காது. கடைசியில் யாருக்குக் குறைவோ அவருக்குப் பரிசு. நம்ம ஆபீஸ் கான்ஃபிடென்ஷியல் ரிப்போர்ட் மாதிரிதான். நல்லது செய்தால் ஏறாது. தப்பு செய்தால் ஏறிக்கொண்டே போகும்.

இது பட்டாளத்தில் பிறந்த விளையாட்டு. அணிவகுப்பில் அடங்கி நிற்க வேண்டும், போர்க்களத்தில் பாய வேண்டும், மறுநாளும் வேலைக்கு லாயக்காக இருக்க வேண்டும். அப்படிப்பட்ட குதிரையைக் கண்டுபிடிக்க வைத்த சோதனை. 1912-ல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்ஸில் முதன்முதலாகச் சேர்த்தபோது ராணுவ அதிகாரிகள் மட்டும்தான் கலந்துகொள்ளலாம். பெண்களுக்கு ஒலிம்பிக்ஸில் கதவு திறந்தது 1964-ல். இன்றைக்கு ஆண், பெண் எல்லாருக்கும் ஒரே போட்டி, ஒரே பதக்கம்.

*

சனிக்கிழமை. கறுப்பனுக்கும் செவலைக்கும் போட்டி.

அம்மணி காலை 6 மணிக்கே கிராஸ் கன்ட்ரி பாதையைக் கால்நடையாக நடந்து பார்த்தார். நானும் பின்னாலேயே போனேன். ரெண்டு தடைகளுக்கு நடுவே அவர் எட்டுப் போட்டு எண்ணினார். அவர் போடும் நாலு எட்டு, குதிரையின் ஒரு பாய்ச்சல். சுமார் 12 அடி. ''இங்கே செவலைக்கு நாலு பாய்ச்சல். கறுப்பனுக்கு அஞ்சு ஆகும். சின்னப் பையன்'' என்றார். நான் தலையாட்டினேன். குதிரைக்குப் பக்கத்தில் நின்றால் தலையாட்டும் பழக்கம் தானாக வந்துவிடுகிறது.

லாரிக்குத் திரும்பியதும் ஒரு விசித்திரம் பார்த்தேன். கதவுக்கு உள்பக்கம் நாலு ஆணி. நாலு ஆணியிலும் நாலு ஜோடிக் கையுறைகள். ஒவ்வொன்றுக்கு மேலேயும் ஒரு குதிரையின் பெயர்.

''குதிரைக்குக் குதிரை தொத்து நோய் வராமல் இருக்கவா?'' என்று கேட்டேன்.

''இல்லை. ஒரு குதிரையை முடிச்சிட்டு அடுத்ததுல ஏறும்போது, போன குதிரை கையில ஒட்டிக்கிட்டு இருக்கக் கூடாது. அதுக்குத்தான்.''

எனக்குப் புரியவில்லை. சாயங்காலம் புரிந்தது.

கறுப்பன் ஐந்து வயசுப் பிள்ளை. வாழ்க்கையில் முதல் போட்டி. 90 சென்டிமீட்டர் உயர வகுப்பு. டிரஸ்ஸாஜ் திடலில் நுழைந்ததும் தூரத்தில் ஒரு வெள்ளைக் குதிரையைப் பார்த்துவிட்டான். அவ்வளவுதான். ஏயிலிருந்து சி வரைக்கும் கனைப்பு. சியிலிருந்து ஏ வரைக்கும் கனைப்பு. (காலேஜ் வாசலில் பஸ் ஸ்டாப்பில் நிற்கும் நம்ம பையன்கள் ஞாபகம் வந்தது.) 36 அபராதம். கம்பு தாண்டுவதில் ஒன்று விழுந்தது. மேலே 4. கிராஸ் கன்ட்ரியில் முதல் குளத்தைப் பார்த்ததும் நின்று யோசிப்பான்போல இருந்தது. அம்மணி அதட்டவில்லை. சவுக்கைத் தொடவில்லை. காலால் மெல்ல ஒரு அழுத்தம். 'போலாம்டா கண்ணு' என்பதுபோல. சளப்பென்று இறங்கினான். அதற்கப்புறம் குளத்தை விட்டு வெளியே வர மனசில்லை. தடை ஒன்றையும் மறுக்காமல், நேரத்துக்குள் முடித்தான். மொத்தம் 40. ஒன்பதாவது இடம்.

இறங்கி வந்த அம்மணி அவன் கழுத்தைத் தட்டிக்கொண்டே இருந்தார். ஒன்பதாவது இடத்துக்கு இவ்வளவு சந்தோஷமா என்று எனக்கு ஆச்சரியம்.

கையுறையைக் கழற்றினார். ஆணியில் மாட்டினார். ஒரு பாட்டில் தண்ணீரைப் பின்கழுத்தில் கவிழ்த்துக்கொண்டார். அடுத்த ஜோடியை எடுத்து மாட்டிக்கொண்டு செவலை மேல் ஏறினார்.

வேறு ஆள்! நிஜமாகவே வேறு ஆள். செவலை பட்டாசுத் திரி. தட்டிக்கொடுத்தால் தாவும், அழுத்தினால் பறக்கும். அதன் மேல் அம்மணி மூச்சுகூட அளந்து விட்டார். கையில் கடிவாளம் இருக்கிறதா, நூல் இருக்கிறதா என்று சந்தேகம் வந்தது. அரை மணி முன்னால் சின்னப் பையனுக்குத் தைரியம் சொன்ன டீச்சர், இப்போது கோபக்கார மானேஜரிடம் லீவு லெட்டர் நீட்டும் குமாஸ்தாவாக மாறியிருந்தார்.

இந்த இடத்தில் என் திருவிளையாடலையும் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு நம்பர். அதை எழுதிய துணியை மார்பிலும் முதுகிலும் கட்டிக்கொண்டுதான் ஓட்ட வேண்டும். நான் செவலைக்குப் பதில் கறுப்பனின் நம்பரைக் கட்டிவிட்டேன். புறப்படும் இடத்துக்கு நூறடி முன்னால் பெரியவர் பார்த்துவிட்டார். 70 வயசில் அந்த ஓட்டம் ஓடினார் பாருங்கள்... குதிரைக்கே பொறாமை வந்திருக்கும்.

செவலையின் வகுப்பில் தடை உயரம் 110 சென்டிமீட்டர். வேகம் நிமிஷத்துக்கு 520 மீட்டர். மணிக்கு 31 கிலோமீட்டர். சாயங்காலம் 6 மணிக்கு அவினாசி ரோட்டில் என் பைக் அந்த வேகம் போனதே இல்லை. நான் ஒரு மரத்தடியில் நின்றேன். முதலில் சத்தம்தான் வந்தது. தரை அதிர்ந்தது. அப்புறம் மூச்சு... தோல் துருத்தி ஊதுவதுபோல. ஒரு செம்பட்டை மின்னல் மரக்கட்டைக்கு மேலே தெரிந்தது. மறைந்தது. என் கையிலிருந்த டீ பாதி சட்டையில்.

செவலை ரெண்டு விநாடி லேட். 0.8. மொத்தம் 28.3. ரெண்டாவது இடம்!

முடிந்து வந்ததும் என் வேலை ஆரம்பம். சேணத்தை இறக்கி, வாளி வாளியாகக் குளிர்ந்த தண்ணீரை ஊற்ற வேண்டும். மூச்சு அடங்கும்வரை மெதுவாக நடத்த வேண்டும். குதிரையும் நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்கிற பிராணி. வியர்வை சோப்பு நுரைபோல் வெள்ளையாகப் பொங்குகிறது. அதில் லேதரின் என்று ஒரு புரதம் இருக்கிறதாம். லாடத்தில் வழுக்காமல் இருக்கத் திருகிய ஆணிகளைக் கழற்ற வேண்டும். காலுக்கு ஐஸ் கட்ட வேண்டும். ஜடையைப் பிரிக்க வேண்டும். ஆமாம், டிரஸ்ஸாஜுக்குப் பிடரி மயிரைப் பின்னி, உருட்டி, நூல் போட்டுத் தைத்திருந்தார்கள். தீபாவளிக்குக்கூட என் தங்கைக்கு அவ்வளவு அலங்காரம் நடந்ததில்லை.

*

ராத்திரி பண்ணையிலேயே லாரியில் தங்கினோம். அம்மணி எட்டரை மணிக்கே தூங்கிவிட்டார். பெரியவர் டீ போட்டுக் கொடுத்துவிட்டுக் கதை சொன்னார்.

''ஒரு குதிரையை வெச்சு ஜெயிக்கிறவன் குதிரையால ஜெயிச்சிருக்கலாம். பல குதிரையை வெச்சு ஜெயிக்கிறவன்தான் நிஜமான குதிரைக்காரன்.''

லூசிண்டா கிரீன் என்றொரு பெண்மணி. 1973-லிருந்து 1984-க்குள் பாட்மின்டனை ஆறு தடவை ஜெயித்தார். ஆறு தடவையும் ஆறு வேறு குதிரைகள்! நியூஸிலாந்துக்காரர் மார்க் டாட், 1987-ல் பர்லி போட்டியில் முதல் இடம், ரெண்டாம் இடம் ரெண்டையும் வாங்கினார். வில்டன் ஃபேர் முதல். சரிஸ்மா ரெண்டாவது. சரிஸ்மா லேசுப்பட்ட குதிரை இல்லை. 1984, 1988 ரெண்டு ஒலிம்பிக்ஸிலும் தங்கம். அப்புறம் ஸ்காட்லாந்துக்காரர் இயன் ஸ்டார்க். 1988-ல் பாட்மின்டனில் சர் வாட்டி முதலாவது, க்ளென்பர்னி ரெண்டாவது. ரெண்டையும் ஓட்டியவர் அவர் ஒருவரே.

''ஸ்டார்க் என்ன வேலையில் இருந்தார் தெரியுமா? அரசாங்க ஆபீஸ்ல உத்தியோகம். அதை விட்டுட்டுத்தான் முழு நேரமும் குதிரைன்னு வந்தார்'' என்றார் பெரியவர்.

எனக்குச் சிலிர்த்தது. ஃபைல் தள்ளிய கை, கடிவாளம் பிடித்துப் பாட்மின்டனை ஜெயித்திருக்கிறது!

சும்மா இருப்பேனா? நானும் என் பங்குக்கு எடுத்து விட்டேன். 1982 டெல்லி ஆசிய விளையாட்டு. ரகுபீர் சிங், ஷாஜாதா என்ற குதிரையில் ஈவென்ட்டிங் தங்கம். வெள்ளியும் வெண்கலமும்கூட இந்தியர்களுக்கே. அதற்கப்புறம் 36 வருஷம் கழித்து, 2018-ல் ஜகார்த்தாவில் பெங்களூர்ப் பையன் ஃபவாத் மிர்சா வெள்ளி வாங்கினார்.

''டோக்கியோ ஒலிம்பிக்ஸ்ல பார்த்தேனே! 23-வது இடம். அழகா உட்கார்ந்திருந்தார்'' என்றார் பெரியவர். எனக்கு என்னமோ நானே ஓட்டிய மாதிரி பெருமை.

கடைசியாக ஒன்று சொன்னார். அப்போது குரல் தணிந்திருந்தது. 1976-ல் லூசிண்டா, வைட் அவேக் என்ற குதிரையில் பாட்மின்டன் ஜெயித்தார். பரிசு வாங்கியாயிற்று. ஜனங்கள் கை தட்ட மைதானத்தைச் சுற்றி வருகிறார். அப்போதுதான் அந்தக் குதிரை சரிந்து விழுந்து செத்துப்போனது.

''குதிரை வாய் திறந்து சொல்லாதுப்பா. அதுதான் இந்த விளையாட்டுல பெரிய கஷ்டம்'' என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்தார்.

*

ஞாயிற்றுக்கிழமை. காப்பிக்கும் மயிலைக்கும் முறை.

காப்பி அம்மணியின் சொந்தக் குதிரை. குட்டியிலிருந்து வளர்த்தது. அன்றைக்கு அதை விலைக்குக் கேட்டு ஒரு தம்பதி வந்திருந்தார்கள். அந்த வருஷத்துத் தீவனம், லாடம், லாரி, லாய வாடகை எல்லாம் காப்பி விற்ற பணத்தில்தான் ஓட வேண்டும். பரிசுப் பணம் இருக்கிறதே என்று கேட்டேன். பெரியவர் கணக்கு சொன்னார். முதல் பரிசு வாங்கினாலும் நுழைவுக் கட்டணத்துக்கும் டீசலுக்கும் பற்றாது. ஜெயிப்பது பேருக்கு. சோறு, குதிரை வியாபாரத்தில்.

காப்பி அன்றைக்கு என்னமாய் நடந்தது! டிரஸ்ஸாஜில் 25. கம்பு தாண்டுவதில் ஒன்றும் விழவில்லை. அந்த வகுப்பிலேயே முதலிடம். கிராஸ் கன்ட்ரியை நேரத்துக்குள் சுத்தமாக முடித்தால் முதல் பரிசு. தடை ஒரு மீட்டர். காப்பிக்கு அது வாசற்படி மாதிரி. வாங்க வந்த அம்மாள் போனில் வீடியோ எடுத்துக்கொண்டே இருந்தார். அவர் கணவர் என்னிடமே வந்து, ''நல்லா சாப்பிடுமா?'' என்று கேட்டார். எனக்கும் குதிரை வியாபாரம் வந்துவிட்டதுபோல ''பிரமாதமா!'' என்றேன்.

1.10-க்குக் காப்பி புறப்பட வேண்டும். 1.40-க்கு மயிலை. 1 மணிக்கு அம்மணி காப்பியைச் சூடுபடுத்தும் ஓட்டம் விட்டுக்கொண்டிருந்தார். ஒரு பழகு தடையைத் தாண்டினார். ரெண்டு எட்டு போனார். நிறுத்தினார்.

''அப்பா, இவளைக் கொஞ்சம் ஓட்டிக் காட்டறேன். பாருங்க.''

பெரியவர் குனிந்து பார்த்தார். முன்னங்காலில் வலி இருந்தால், அந்தக் கால் தரையில் படும்போது குதிரை தலையைத் தூக்கும். அதுதான் அடையாளம். காப்பி நேராக ஓடி வந்தது. தலை அசையவில்லை. திரும்ப ஓடியது. அப்போதும் இல்லை.

''எனக்கு ஒண்ணும் தெரியலைம்மா.''

''பார்த்தாத் தெரியாது. தாண்டி இறங்கினப்ப ஒரே ஒரு எட்டு... வலது முன்னங்காலைத் தாங்கினா. எனக்குத் தெரிஞ்சுது.''

வாங்க வந்தவரும் பக்கத்தில்தான் நின்றார். ''எனக்கு நல்லாத்தான் தெரியுது'' என்றார்.

மணி 1.04. ஒலிபெருக்கியில் காப்பியின் நம்பரைக் கூப்பிட்டார்கள். நான் அம்மணி முகத்தையே பார்த்தேன். ஆறு நிமிஷம் ஓடினால் முதல் பரிசு. வீடியோ. வியாபாரம். ஒரு வருஷத்துச் செலவு. பார்த்த மூன்று பேருக்குத் தெரியாத ஒரு எட்டு. ஓட்டியிருந்தால் யாராவது கேட்டிருப்பார்களா?

அம்மணி இறங்கினார். புறப்படும் இடத்தில் இருந்தவரிடம் போய், ''எடுத்துக்கறேன். ஓட்டலை'' என்றார். அவ்வளவுதான். காரணம்கூடச் சொல்லவில்லை.

திரும்பி வந்து கையுறையைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். அப்போதுதான் பார்த்தேன். விரல் நடுங்கிக்கொண்டிருந்தது. ஏதாவது ஆறுதல் சொல்ல நினைத்தேன். என்ன சொல்வது? மொழியும் வரவில்லை, வார்த்தையும் வரவில்லை. மயிலையின் கையுறையை எடுத்து நீட்டினேன்.

தண்ணீர் பாட்டிலைப் பின்கழுத்தில் கவிழ்த்துக்கொண்டார். ரெண்டு தடவை மூச்சை இழுத்து விட்டார். மாட்டிக்கொண்டார். ஏறினார்.

மயிலைக்கு வயசு 16. நம்ம ஆபீஸ் ஹெட் கிளார்க் மாதிரி. எல்லாம் தெரியும். அவசரம் கிடையாது. அவசரப்படுத்தினால் கோபம் வரும். அதன் மேல் ஏறியவர் அதைவிட நிதானமாக இருக்க வேண்டும். பத்து நிமிஷம் முன்னால் ஒரு வருஷ வருமானத்தை விட்டுவிட்டு வந்தவர், எப்படி நிதானமாக இருப்பார்?

இருந்தார். அதுதான் நான் அந்த ரெண்டு நாளில் பார்த்த பெரிய அதிசயம். நான் அதே மரத்தடியில் நின்றேன். (இந்தத் தடவை டீ இல்லாமல்.) மயிலை காதுகளை முன்னால் நீட்டிக்கொண்டு வந்தது. அம்மணி முகத்தில் காப்பி இல்லை. வாங்க வந்தவர் இல்லை. பணம் இல்லை. அடுத்த தடை மட்டும் இருந்தது. ஒரு குறுகலான கட்டை. பீரோ அகலம்தான் இருக்கும். கொஞ்சம் விலகினாலும் கொடிக்கு வெளியே போய்விடும். மயிலை நடு மத்தியில் தாண்டியது. போகிற போக்கில் என்னை ஒரு பார்வை பார்த்ததாகக்கூட எனக்கு ஞாபகம்.

தடையெல்லாம் சுத்தம். நேரத்துக்குள் முடிவு. டிரஸ்ஸாஜ் அபராதம் 31.2-ல் அப்படியே நின்றது. நாலாவது இடத்தில் இருந்தவர்கள், முன்னால் இருந்த மூவரும் தடுமாறியதில், முதலிடம்!

பெரியவர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அம்மணி மயிலையைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். மயிலை என் சட்டைப் பையிலிருந்த கேரட்டை எடுத்துக்கொண்டது. அப்புறம்தான் அம்மணி காப்பியிடம் போனார். லாரியின் அந்தப் பக்கம் ரொம்ப நேரம் நின்றார். நான் அங்கே போகவில்லை.

*

செவ்வாய்க்கிழமை லாடம் கட்டுகிறவர் வந்தார். காப்பியின் வலது முன்னங்குளம்பை இடுக்கி போன்ற ஒரு கருவியால் அழுத்திப் பார்த்தார். ஓரிடத்தில் வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. கல் குத்திய கன்றல். ரெண்டு வாரம் ஓய்வு கொடுத்தால் ஆறிவிடும் என்றார்.

''அன்னிக்கு ஓட்டியிருந்தா?'' என்று கேட்டேன்.

''ஒண்ணும் ஆகாமலும் இருந்திருக்கும். வலியில காலை இழுத்து, கட்டையில மோதி, நானும் அவளும் உருண்டும் இருப்போம். எது நடந்திருக்கும்னு எனக்கும் தெரியாது. உங்களுக்கும் தெரியாது'' என்றார் அம்மணி.

வாங்க வந்தவர்கள் மறு வாரம் வேறொரு குதிரையை வாங்கிவிட்டார்கள். காப்பி லாயத்திலேயே இருந்தது. அம்மணி சனிக்கிழமைகளில் ஊர்ப் பிள்ளைகளுக்குக் குதிரையேற்றம் சொல்லிக்கொடுத்துத் தீவனக் கடனை அடைத்தார். நான் ஊர் திரும்பும்வரை அந்த வார இறுதியைப் பற்றி யார் கேட்டாலும், ''அருமையான ரெண்டு நாள். நாலு குதிரையும் நல்லபடியா வீடு வந்து சேர்ந்துது'' என்றே சொல்வார். முதல் பரிசை ரெண்டாவதாகத்தான் சொல்வார்.

எனக்கும் ஒரு பரிசு கொடுத்தார். மயிலை ஜெயித்த சிவப்பு ரிப்பன் பூ. அங்கே முதல் பரிசுக்குச் சிவப்பு. இப்போது கோயமுத்தூர் ஆபீஸில் என் மேஜை மேல் குத்தி வைத்திருக்கிறேன். ''என்னப்பா ஜெயிச்சே?'' என்று கேட்கிறார்கள். ''குதிரை பிடிச்சேன்'' என்கிறேன். யாரும் நம்புவதில்லை.

இன்னொன்றும் அம்மணியிடம் கற்றுக்கொண்டு வந்தேன். என் மேஜையிலும் தினம் நாலு குதிரை. ஒரு கஸ்டமர் போனில் கத்தித் தீர்த்தால், அந்தக் கடுப்பை அடுத்த கஸ்டமர் மேல் காட்டுவதுதான் இத்தனை நாள் வழக்கம். இப்போது இல்லை. ஆபீஸில் கையுறை மாட்டிக்கொண்டால் சிரிப்பார்கள். அதனால் ஒவ்வொரு ஃபைலை முடித்ததும் எழுந்து போய், கை கழுவிவிட்டு வந்து அடுத்ததைத் தொடுகிறேன்.

முதல் நாள் நாலாவது தடவையாக எழுந்தபோது மானேஜர் கூப்பிட்டார். ரொம்பக் கரிசனமாகக் கேட்டார்:

''என்னப்பா... வயிறு சரியில்லையா?''